மலையேறிய குரலும் அடிவாரத்தில் நின்ற மருந்தும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர். சுற்றுலாக் கையேட்டுக்கு இந்தக் கணக்குப் போதுமானது. காப்பித் தோட்டத்தில் நாட்கூலிக்குச் செல்லும் ஒருவர் நோயுற்றால் அவர் போடும் கணக்கோ வேறு. மலைக்கிராமத்திலிருந்து நடை, பேருந்துக்குக் காத்திருப்பு, சேலம் மருத்துவமனையில் வரிசை, திரும்பும்போது இருட்டு, போன கூலி. இத்தனையும் ஒருமுறைக்கு. வாரம் ஒருமுறை, சிலவேளை நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் மருந்து வேண்டிய நோயாயின் அவர் என் செய்வார்?

ஏற்காட்டை நாம் அறிந்தவர்கள் என்றே எண்ணிக்கொள்கிறோம். 1894இல் தொடங்கிய திரு இருதயப் பள்ளியிலும் 1917இல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளியிலும் நம்மவர் பிள்ளைகள் பயின்றிருக்கிறார்கள். தியானத்திற்கென மலையேறி, மூன்று நாள் மௌனம் காத்து இறங்கியவர்கள் நம்முள் பலர். எனினும் சேர்வராயன் மலையின் உட்கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்வைப் பேருந்துச் சன்னல் வழியே கண்டதோடு சரி. (கேரளத்து மலையாளிகள் அல்லர் இவர்கள், மலையை ஆள்பவர் எனப் பொருள்பட வழங்கும் பெயர் இது. காஞ்சியிலிருந்து வந்த வேளாளர் வழியினர் என்பது இவர்தம் மரபுக்கதை.) அவர்களுடைய மலைமீது நின்று ஒரு கேள்வியை இங்கே எண்ணிப் பார்க்க விழைகிறோம். அபின்வகைப் போதைக்கு அடிமையான ஒருவரை, மருத்துவர் அருகில் இல்லாமலேயே, தொலைவிலிருந்து குணப்படுத்த முடியுமா? 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் உலகெங்கும் எழுந்த கேள்வி இது. ஆயினும் இதன் வேர் நூறாண்டுகளுக்கும் முந்தையது.

1820களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். அக்காலத்தில் மலையேறுவோர் கால்நடையாகவோ குதிரையிலோ டோலியிலோதான் ஏறினர். உச்சியின் காற்று நல்ல காற்று. அடிவாரக் காட்டிலோ குளிர்காய்ச்சல் காத்திருந்தது. மலேரியாவின் காரணம் கொசு என்பதை 1897இல் ரொனால்டு ராஸ் கண்டறியும்வரை, கெட்ட காற்றே காய்ச்சலைத் தருவது என்று மேதைகளும் நம்பினர். அந்த நாளில் இந்தியாவின் காய்ச்சல் நிலங்கள் பலவற்றில் மக்கள் நாடிய எளிய மருந்து அபின். வலிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் அது கேட்டது என்பது உண்மை. காய்ச்சலையும் தடுக்கும் என்பது நம்பிக்கை.

அரசுக்கு இந்த நம்பிக்கை வசதியாயிருந்தது. 1878ஆம் ஆண்டின் அபின் சட்டம், பயிரிடுதலையும் விற்பனையையும் உரிமத்திற்குள் கொண்டுவந்தது. ஆப்காரி வருமானத்தில் அபினும் ஒரு கிளை. இங்கிலாந்தில் மறைபரப்பாளர்களும் சீர்திருத்தவாதிகளும் எழுப்பிய கண்டனத்தின் பயனாக 1893இல் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. பிராசி பிரபு அதன் தலைவர். 1895இல் அது தந்த அறிக்கை, இந்தியாவில் அபின் பயன்பாடு சொல்லப்படும் அளவுக்குக் கேடானதன்று, மருத்துவத் தேவைக்கு மட்டுமென அதனைச் சுருக்க வேண்டியதில்லை என்று முடித்தது. மருத்துவர்கள் பலரே ஆணையத்தின் முன் அபினுக்குச் சார்பாகச் சாட்சி சொன்னார்கள். அவர்கள் எல்லாரும் விலைபோனவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. மருத்துவர் இல்லாத ஊரில் கையிலிருக்கும் ஒரே மருந்து அதுவாயின், அதை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கத்தான் செய்தது. அடிமைநிலை அந்த நியாயத்தின் நிழலிலேயே வளர்ந்தது.

அதே காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி நம் கவனத்திற்குரியது. 1892இல் வங்காளத்தில், கொய்னாவைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அஞ்சலகங்களில் விற்கத் தொடங்கினார்கள். ஒரு பொட்டலம் காலணா. இம்முறை பிற மாகாணங்களுக்கும் பரவியது. நீலகிரியில் நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலையே கொய்னா செய்தது. மருத்துவர் எட்டிப்பார்க்காத ஊரிலும் அஞ்சலகம் உண்டு. அஞ்சலகம் உள்ள ஊரில் கொய்னாவும் உண்டு என்றாயிற்று. தொலைவு கடந்த மருத்துவத்தின் தொடக்கம் எங்கே என்று நம்மைக் கேட்டால், மின்கம்பியைக் காட்டுவதற்கு முன் இந்தக் காலணாப் பொட்டலத்தைக் காட்டுவோம்.

அஞ்சல்வழி மருந்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் லா போர்ட் என்னும் ஊர். அங்கே சாமுவேல் காலின்ஸ் என்பவர், அபின் அடிமைநிலைக்கு வலியில்லாத மாற்றுமருந்து என விளம்பரம் செய்து 1860களின் இறுதியிலிருந்து அஞ்சலில் விற்று வந்தார். வீட்டைவிட்டு வெளியே வராமல், ஊர் அறியாமல், வெட்கப்படாமல் குணமாகலாம் என்பதே அதன் ஈர்ப்பு. பகுத்தாய்ந்து பார்த்தபோது அந்தப் புட்டியில் இருந்தது மார்பின். அபினின் சாரமே அபினுக்கு மருந்தாக விற்கப்பட்டது. மருந்துப் புட்டியின் மேல் மார்பின், அபின் போன்றவற்றின் பெயரை எழுதியாக வேண்டும் என்ற சட்டம் அங்கே 1906இல்தான் வந்தது. முகம் பாராமல் இத்தகைய மருந்தைக் கொடுக்கலாகாது என்று சட்டங்கள் இன்றுவரை அஞ்சுவதன் பின்னணியில் இத்தகைய புட்டிகள் பல உள்ளன. அந்த அச்சத்தை எள்ளி நகையாட நமக்கு மனமில்லை.

நமது மாவட்டத்திற்கு வருவோம். 1937 அக்டோபர் முதல் நாள், சென்னை மாகாணத்தின் பிரதம அமைச்சர் இராஜாஜி, தாம் வழக்குரைஞராக வாழ்ந்த சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தினார். இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. அன்று பிறந்த வரி தழைத்தது. மதுவிலக்குப் பின்னர் பலமுறை வந்தும் போயும் விட்டது. கடையை மூடுவது அரசின் கடமை, குடியை விடுவது குடிப்பவனின் ஒழுக்கம் என்பதே அக்காலப் பார்வை. இரண்டுக்கும் நடுவே ஒரு மருத்துவர் நிற்க வேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டில் வேர்பிடிக்க மேலும் நாற்பதாண்டுகள் ஆயின.

கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த திருமதி சாந்தி ரங்கநாதன், அவர் பெயராலேயே 1980இல் சென்னையில் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். டி.டி.கே. மருத்துவமனை என இன்று தமிழகம் அறிந்தது அதன் வளர்ச்சியே. 1981இல் மும்பை பாந்திராவில் அருள்தந்தை ஜோ பெரேரா கிருபா அமைப்பைத் தொடங்கினார். தாமே குடிநோயிலிருந்து மீண்டவர் அவர். அந்தப் பத்தாண்டுகளில்தான் 'பிரவுன் சுகர்' எனப்பட்ட மட்டரக ஹெராயின் இந்திய நகரங்களின் சந்துகளில் புகுந்தது. 1985 நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் மருத்துவமனை கட்டியவர்கள், ஊரிலுள்ளவர் சென்னைக்கு வரமாட்டார் என்பதை விரைவில் உணர்ந்தனர். 1989இல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில் சிகிச்சை முகாமையே ஊருக்குள் கொண்டுபோனார்கள். அதற்கும் எண்பதாண்டுகளுக்கு முன்பே, 1909இல், வேலூர் ஐடா ஸ்கடர் அம்மையார் மோட்டார் வண்டியில் புறப்பட்டுச் சாலையோர மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்த்த வரலாறு நாம் அறிந்ததே. நோயாளியை வரச்சொல்லும் மருத்துவம் ஒன்று. தானே புறப்பட்டுப் போகும் மருத்துவம் ஒன்று. இரண்டாவது வகை எப்போதும் சிலரது பிடிவாதத்தால்தான் நடந்திருக்கிறது.

இனி நோயையும் மருந்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கேதான் நம்மவரிடையே ஐயம் மிகுதி.

அபின், மார்பின், ஹெராயின், வலி மாத்திரைகள் சில ஆகிய யாவும் மூளையின் ஒரே வாயிலைத் தட்டுபவை. நாள்தோறும் தட்டித் தட்டி, பின் ஒருநாள் நிறுத்தினால் உடல் கொதித்தெழுகிறது. கண்ணிலும் மூக்கிலும் நீர், எலும்பெல்லாம் குடைச்சல், வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை. சில நாள் பல்லைக் கடித்தால் இது தணியும். தணிந்தபின்னும் மாதக்கணக்கில் மனம் அதையே நாடும். பெரும்பாலோர் விழுவது அப்போதுதான். மீண்டும் பழைய அளவையே எடுத்துக்கொள்ளும்போது, இடையில் பழக்கம் இழந்த உடல் அதைத் தாங்காமல் மூச்சு நின்று மாண்டவர் பலர். நல்ல மனத்தோடு 'உறுதியாக விட்டுவிடு' என்று மட்டும் சொல்லி அனுப்பும் அறிவுரையில் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது.

1965இல் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவ இணையர், மெத்தடோன் என்ற மருந்தை நாள்தோறும் அளந்து கொடுத்து ஹெராயின் அடிமைகளை வேலைக்கும் குடும்பத்திற்கும் திருப்ப முடியும் எனக் காட்டினர். இங்கிலாந்தில் 1966இல் உருவாக்கப்பட்ட புப்ரெனார்பின் இன்னும் பாதுகாப்பானது. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை; அந்த வாயிலை அரைகுறையாகத் திறந்து, பிற போதை நுழையாதபடி அடைத்தும் கொள்ளும். நம் நாட்டில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் ஊசிவழிப் போதை எடுப்போருக்கு இது வழங்கப்படுகிறது. பஞ்சாப் 2017இல் இதற்கெனப் புறநோயாளி மையங்களையே திறந்தது.

ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பதுதானே இது என்று கேட்போர் உண்டு. பங்குக் கூட்டங்களிலும் இக்கேள்வி எழக் கேட்டிருக்கிறோம். அறநோக்கில் கேட்கப்படும் நேர்மையான கேள்வி. ஆகவே நேர்மையான விடை வேண்டும். மாத்திரையை ஒழுங்காக எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை. உழைக்கிறார், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்கிறார், உயிரோடு இருக்கிறார். மருந்தின்றியே மீள்வோரும் உள்ளனர்; கிருபா போன்ற இல்லங்களின் வழி அது. இரண்டு வழியும் திறந்திருக்கட்டும் என்பதே எம் கருத்து. மருந்து வழியில் செல்பவரைப் பாதி மனிதராகப் பார்ப்பதை மட்டும் ஏற்க இயலாது.

2019இல் நடுவண் அரசு வெளியிட்ட தேசிய ஆய்வு, இந்தியாவில் 2 கோடியே 26 இலட்சம் பேர் அபின்வகைப் பொருள்களைப் பயன்படுத்துவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 77 இலட்சம் பேருக்குச் சிகிச்சை உதவி தேவை எனவும் கணித்தது. தமிழகத்தில் அண்மை ஆண்டுகளில் வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிய செய்தி வாராத மாதமில்லை. மாத்திரை கூரியரில் வருகிறது. கெட்டது எப்போதும் தொலைவைக் கடந்தே வந்திருக்கிறது. அன்று பாய்மரக் கப்பலில். இன்று அட்டைப் பெட்டியில்.

மருத்துவர் தொலைவைக் கடந்த வரலாறு இதைவிட மெதுவானது. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1959இல் மனநல மருத்துவர் விட்சன் இருவழித் தொலைக்காட்சியைப் பயன்படுத்தத் தொடங்கினார். 1964இல் 112 மைலுக்கு அப்பாலிருந்த மருத்துவமனையோடு அது இணைக்கப்பட்டது. ஆக, தொலைமருத்துவத்தின் முதல் பயனாளிகளில் மனநோயாளிகளும் உண்டு. இதயத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும், வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். மனத்தைக் கேட்டால் போதுமே! நம் பக்கத்தில் 2000 மார்ச்சில் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமம் செயற்கைக்கோள் வழியே சென்னை மருத்துவர்களோடு பேசியது. அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கிவைத்தது அது. ஆரவாரம் இல்லாமல் அதைவிட ஆழமாகச் சென்ற முயற்சி ஒன்றும் உண்டு. சாரதா மேனன் அம்மையார் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010இல் புதுக்கோட்டைச் சிற்றூர்களுக்குப் பேருந்து ஒன்றை அனுப்பியது. பேருந்துக்குள் ஒரு சிற்றறை; அறையில் திரை; திரையில் சென்னை மருத்துவர். பேசி முடித்ததும் அதே வண்டியில் இருந்த மருந்தகத்திலிருந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு நோயாளி இறங்கிப் போனார். குரலும் மருந்தும் ஒரே வண்டியில் வந்தன என்பதை வாசகர் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

ஏனெனில் அபின்வகை நோயில் இவை இரண்டும் பிரிக்கப்பட்டுவிட்டன. அமெரிக்காவில் ரயன் ஹெய்ட் என்ற பதினெட்டு வயது மாணவன், இணையவழிக் கடையில் முகம் பாராத மருத்துவரின் சீட்டில் கிடைத்த வலி மாத்திரையால் 2001இல் மாண்டான். அவன் பெயரால் 2008இல் வந்த சட்டம், நோயாளியை ஒருமுறையேனும் நேரில் பாராமல் இத்தகைய மருந்தை எழுதலாகாது என்றது. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் அந்தச் சட்டத்தைத் தளர்த்தியது. வெறும் தொலைபேசிக் குரலைக் கேட்டே புப்ரெனார்பின் தொடங்கலாம் என்றாயிற்று. கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் அதற்கும் முந்தியது. அங்கே 3,733 நோயாளிகளைத் தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவிலும் சிகிச்சையில் நிலைத்தவர் நேரில் மருத்துவரைக் கண்டோருள் நூற்றுக்கு 39 பேர். திரையில் கண்டோருள் 50 பேர். திரை மந்திரம் செய்தது என்று இதற்குப் பொருளில்லை. அங்கே திரைக்கு இப்பால் உள்ளூர் நிலையத்தில் செவிலியர் இருந்தார். மருந்தைக் கண்முன் அளந்து கொடுக்க மருந்தாளுநர் இருந்தார். தொலைவில் இருந்தவர் மருத்துவர் ஒருவர் மட்டுமே.

இந்தியாவில், ஊரடங்கு தொடங்கிய அதே 2020 மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளிவந்தன. அவை எத்தனையோ நோய்களுக்குக் கதவைத் திறந்தன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் பட்டியலிடப்பட்ட மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதக்கூடாது என்பது அவற்றின் விதி. புப்ரெனார்பின் அப்பட்டியலில் உள்ளது. மருத்துவரோடு பேசலாம், மருந்துக்கு நேரில் செல்ல வேண்டும். அந்நாளில் பஞ்சாபில் வேறொரு வழியைக் கண்டார்கள். முன்பே பதிவுசெய்த நோயாளிகளுக்கு இரண்டு வார மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள்.

சட்டத்தை மாற்றினால் வெள்ளம் உடைத்துக்கொள்ளும் என்று அஞ்சுவோருக்கு மார்பினின் கதையைச் சொல்லலாம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையால் மருத்துவமனைகள் மார்பினைத் தொடவே அஞ்சின. புற்றுநோயில் துடித்துச் சாவோருக்குக்கூட அது கிடைக்கவில்லை. உலகிற்கே அபினை முறைப்படி விளைவித்துத் தரும் நாட்டில் இந்நிலை. கேரளத்தின் மருத்துவர் எம். ஆர். ராஜகோபாலும் அவர்போன்றோரும் ஆண்டுக்கணக்கில் போராடிய பின், 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. வலிதணிப்பு இல்லங்களில் பணிபுரியும் நம் அருட்சகோதரிகள் அந்த வேறுபாட்டைக் கையால் அறிந்தவர்கள். காவலும் வேண்டும், கருணையும் வேண்டும் என்று ஒரு சட்டத்துக்குள்ளேயே இடம் காண முடிந்தது.

சேர்வராயன் மலைக்கு மீண்டும் வருவோம். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி தமிழிலேயே கிடைக்கிறது. கட்டணம் இல்லை. இரவிலும் பேசலாம். சிறிய ஊரில் இதன் அருமை பெரிது. எந்தப் பேருந்தில் ஏறினான், எந்த வாசலில் இறங்கினான் என்பதை ஊரே அறியும் இடத்தில், யாரும் பாராமல் ஒருவரிடம் உண்மையைச் சொல்லிவிட முடிகிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரைவுத்தட்டிக்கு அப்பால் முகம் தெரியாத செவி ஒன்று இருப்பதன் ஆறுதலை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அலைபேசியில் அலை கிடைக்க வேண்டுமே! மலைச்சரிவில் மேட்டுக்கு ஏறி நின்று உரக்கப் பேசினால் அந்தரங்கம் எங்கே? வீட்டில் ஒரே கருவி, அதுவும் தந்தையின் சட்டைப்பையில் என்றால் மகன் யாரோடு பேசுவான்? போதைக்கு அடிமையான பெண் எனில் நிலை இன்னும் கடினம். கருவியைக் கண்டுபிடித்தவர்கள் இவற்றுக்கு விடை தரமாட்டார்கள். ஒரு துணைச் சுகாதார நிலையத்தின் பின்னறை, கதவடைத்துப் பேச ஒரு திரை, அருகில் ஒரு செவிலியர் என்றால் இவற்றுள் பாதி தீரும். மறுபாதி மருந்து.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை ஊழியர்கள் வீட்டு வாசலிலேயே தருகிறார்கள். காலணாக் கொய்னாப் பொட்டலத்தின் பேரப்பிள்ளை என்று இதனைச் சொல்லலாம். புப்ரெனார்பினை அவ்வாறு பையில் போட்டுக்கொண்டு செல்ல முடியாது; எண்ணிக் கொடுக்க வேண்டும், கண்முன் கரைய வேண்டும், மீதத்துக்குக் கணக்கு வேண்டும். ஒன்டாரியோவின் சிற்றூர்களில் இதைச் செய்தார்கள். ஏற்காட்டின் நிலையத்தில் ஒரு பூட்டிய அலமாரியும் ஒரு பதிவேடும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் இருந்தால் இங்கும் செய்யலாம். பயிற்சியைத் திரைவழியே தரப் பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதலே வழிகண்டிருக்கிறது. எஞ்சியிருப்பது நெறிமுறையில் ஒரு வரித் திருத்தம். அதுவரை 14416இல் பேசி முடித்தவரிடம், நாளைக் காலை முதல் பேருந்துக்குச் சேலம் செல்லுங்கள் என்றுதான் மறுமுனையில் இருப்பவர் சொல்ல வேண்டியிருக்கிறது.